பொலோஞாவின் சுவடி ஓவியக் கலை

பொலோஞாவின் சுவடி ஓவியக் கலை என்பது, வட இத்தாலியில் உள்ள பொலோஞா நகரில் 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரை செழித்திருந்த, கையெழுத்து நூல்களை வண்ணங்களாலும் பொன்னாலும் அணிசெய்யும் கலை ஆகும். ஐரோப்பாவின் பிற இடங்களில் இக்கலை பெரும்பாலும் துறவு மடங்களையும் அரசவைகளையும் சார்ந்து வளர்ந்தது. பொலோஞாவிலோ அது பல்கலைக்கழகத்தைச் சார்ந்து, ஊதியம் பெற்று உழைத்த நகரவாசிகளின் தொழிலாக வளர்ந்தது. இங்கு ஓவியம் தீட்டப்பட்ட நூல்களில் பெரும் பகுதி சட்ட நூல்கள் என்பது இதன் தனிச்சிறப்பு. விவிலியங்கள், திருச்சபைப் பாடற்சுவடிகள், தொழிற்குழுக்களின் விதி நூல்கள் முதலியனவும் இங்கு அணிசெய்யப்பட்டன.

பெயர்

இத்தாலிய மொழியில் இக்கலை மினியாத்தூரா எனப்படுகிறது. இச்சொல் ஈயச் செந்தூரத்தைக் குறிக்கும் மினியம் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து தோன்றியது. தலைப்புகளையும் முதலெழுத்துகளையும் செந்தூரத்தால் எழுதும் பழக்கமே இப்பெயருக்குக் காரணம். சுவடிகளில் வரையப்பட்ட படங்கள் அளவில் சிறியனவாக இருந்ததால், பிற்காலத்தில் இச்சொல் சிறிய ஓவியம் என்ற பொருளையும் பெற்றது. இதற்கு வழங்கும் மற்றொரு பெயர் ஒளியூட்டுதல் என்னும் பொருளுடையது. பக்கத்தில் ஒட்டப்பட்ட பொன் ரேக்கு வெளிச்சத்தில் மின்னுவதை இப்பெயர் நினைவூட்டுகிறது.

பின்னணி

பொலோஞா பல்கலைக்கழகம் ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகமாகக் கருதப்படுகிறது. அது தொடங்கிய ஆண்டாக 1088 மரபாகச் சொல்லப்படுகிறது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இர்னேரியுசு என்பவர் இங்கு உரோமானியச் சட்டத்தைக் கற்பித்தார். 1140ஆம் ஆண்டளவில் கிராசியான் திருச்சபைச் சட்டங்களைத் தொகுத்து, தெக்ரேத்தும் எனப்படும் நூலாக்கினார். 1234இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி வெளியிட்ட ஆணைத் தொகுப்பு பொலோஞாவின் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் அனுப்பப்பட்டது. இவ்வாறு உரோமானியச் சட்டம், திருச்சபைச் சட்டம் ஆகிய இரண்டையும் கற்க விரும்பியோர் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் இந்நகருக்கு வந்தனர். மாணவர்கள், ஆல்ப்சு மலைக்கு இப்பாலிருந்து வந்தோர், அப்பாலிருந்து வந்தோர் என இரு பெருங் குழுக்களாக அமைந்திருந்தனர்.

இம்மாணவர்கள் அனைவருக்கும் நூல்கள் தேவைப்பட்டன. யுசுத்தினியன் பேரரசரின் சட்டத் தொகுப்பு மட்டுமே அக்காலத்தில் ஐந்து பெரிய தொகுதிகளாக வழங்கியது. வசதி படைத்த மாணவர்கள் அத்தொகுதிகளை அணிசெய்து வாங்கினர். படிப்பு முடிந்து ஊர் திரும்பியபோது அவை அவர்களுடன் சென்றன. பொலோஞாவில் எழுதப்பட்ட சட்ட நூல்கள் இன்று ஐரோப்பாவின் பல நாட்டு நூலகங்களில் காணப்படுவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

நூல் உற்பத்தி

அச்சு இல்லாத காலத்தில் ஒரே நூலின் பல படிகளைப் பிழையின்றி உருவாக்குவது கடினமான வேலையாக இருந்தது. ஒருவர் படியெடுக்கும்போது செய்யும் பிழை, அதைப் பார்த்து எழுதப்படும் அடுத்த படியிலும் தொடரும். சட்ட நூலில் ஒரு சொல் மாறினால் தீர்ப்பே மாறக்கூடும். இச்சிக்கலைத் தீர்க்கப் பல்கலைக்கழகம் பேசியா எனப்படும் முறையைக் கையாண்டது. பேசியா என்பதற்குத் துண்டு என்று பொருள்.

இம்முறைப்படி, சரிபார்க்கப்பட்ட மூலப்படி ஒன்று கட்டப்படாமல் தனித்தனித் துண்டுகளாக நூல் வணிகரிடம் வைக்கப்பட்டிருக்கும். படியெடுப்போர் ஒவ்வொரு துண்டாக வாடகைக்குப் பெற்று எழுதிவிட்டுத் திருப்பித் தருவர். ஒருவர் முதல் துண்டை எழுதும்போது மற்றொருவர் ஐந்தாம் துண்டை எழுதலாம். ஆகவே ஒரே மூலப்படியைக் கொண்டு பலர் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடிந்தது. ஒரு துண்டின் அளவும் விதிகளில் வரையறுக்கப்பட்டிருந்தது. 16 பத்திகள், பத்திக்கு 62 வரிகள், வரிக்கு 32 எழுத்துகள் என்பது அந்த அளவு. அதாவது ஒரு துண்டில் ஏறத்தாழ 31,700 எழுத்துகள் அடங்கும். வாடகையையும் எழுத்துக்கூலியையும் கணக்கிட இவ்வரையறை உதவியது. மூலப்படிகளில் பிழை உள்ளதா என்று ஆராய ஆறு பேர் கொண்ட குழு ஒன்றும் இருந்தது.

இந்நூல் வணிகர்கள் ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்திருந்ததால் ஸ்டாசியோனாரி எனப்பட்டனர். எழுதுபொருள்களைக் குறிக்கும் ஸ்டேஷனரி என்ற இன்றைய சொல் இதே வேரிலிருந்து வந்ததாகும்.

ஒரு நூல் உருவாகப் பலர் உழைத்தனர். வரைதோல் செய்வோர், படியெடுப்போர், பிழை திருத்துவோர், முதலெழுத்துகளைச் சிவப்பிலும் நீலத்திலும் எழுதுவோர், ஓவியர், கட்டுநர் ஆகியோர் தனித்தனித் தொழிலாளர்களாக இருந்தனர். படியெடுப்பவர் ஓவியத்திற்கான இடத்தை வெற்றாக விட்டுச் செல்வார். அங்கு எந்த எழுத்து வரவேண்டும் என்பதை ஓரத்தில் மிகச் சிறியதாகக் குறித்து வைப்பார். முற்றுப்பெறாத சுவடிகளில் இக்குறிப்புகளை இன்றும் காணலாம்.

பக்க அமைப்பு

பொலோஞா சட்டச் சுவடியின் பக்கம் தமிழில் மூலமும் உரையும் சேர்ந்து வரும் நூல்களை ஒருவகையில் ஒத்தது. ஆனால் இங்கு உரை மூலத்தின் கீழே வராமல் நான்கு பக்கமும் அதைச் சூழ்ந்திருக்கும். நடுவில் இரண்டு பத்திகளாக மூலச் சட்டம் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். அதைச் சுற்றிச் சிறிய எழுத்தில் உரை அமைந்திருக்கும். 13ஆம் நூற்றாண்டில் அக்கூர்சியுசு தொகுத்த உரையே உரோமானியச் சட்டத்திற்குப் பொது உரையாக ஏற்கப்பட்டது. எழுத்து வடிவம் வளைவுகள் மிகுந்து உருண்டையாக இருக்கும். இது பொலோஞா எழுத்து என்றே பெயர் பெற்றது.

இத்தகைய அடர்ந்த பக்கத்தில் ஓவியம் வெறும் அழகுக்காக மட்டும் இடம்பெறவில்லை. அக்காலச் சுவடிகள் பலவற்றில் பக்க எண் கிடையாது. புதிய பகுதி எங்கு தொடங்குகிறது என்பதைப் பெரிய ஓவியமும், உட்பிரிவு எங்கு தொடங்குகிறது என்பதை அணிசெய்த முதலெழுத்தும் காட்டின. சிவப்பும் நீலமும் மாறி மாறி வரும் சிறு எழுத்துகள் பத்திகளைப் பிரித்துக் காட்டின. பல நூறு தோல்களைக் கொண்ட நூலில் தேவையான சட்டத்தைக் கண்டுபிடிக்க இவை வழிகாட்டிகளாகப் பயன்பட்டன.

சட்ட நூல்களில் வரும் காட்சிகள்

உரோமானியச் சட்டத் தொகுதிகளின் தொடக்கத்தில் யுசுத்தினியன் பேரரசர் அரியணையில் அமர்ந்திருக்கும் காட்சி வழக்கமாக இடம்பெறும். தெக்ரேத்தும் நூலின் தொடக்கத்தில், ஆன்மிக அதிகாரத்தையும் உலகியல் அதிகாரத்தையும் திருத்தந்தையும் பேரரசரும் பெறும் காட்சி வரும். இவ்விரு அதிகாரங்களில் எது உயர்ந்தது என்பது அக்கால அரசியலின் பெரும் பூசலாக இருந்தது. எனவே இக்காட்சியில் யார் எவ்விடத்தில் அமர்த்தப்பட்டார் என்பதும் பொருளுடையதாகும்.

தெக்ரேத்தும் நூலின் இரண்டாம் பகுதியில் கற்பனையாக அமைக்கப்பட்ட 36 வழக்குகள் உள்ளன. ஒவ்வொரு வழக்கின் தொடக்கத்திலும் அதன் நிகழ்ச்சி ஓவியமாக வரையப்பட்டது. பணம் கொடுத்துப் பதவி பெறும் குருமார், நீதிபதி முன் வாதிடும் கணவன் மனைவியர், சான்று கூறுவோர் எனப் பலரும் இவற்றில் காணப்படுகின்றனர். கிரகோரியின் ஆணைத் தொகுப்பு ஐந்து பகுதிகளைக் கொண்டது. நீதிபதி, நீதிமன்ற நடைமுறை, குருமார், திருமணம், குற்றம் என்பன அவற்றின் பொருள்கள். நான்காம் பகுதியில் வரும் திருமணக் காட்சி அக்கால உடை, சடங்கு ஆகியவற்றை அறிய உதவும் சான்றாக உள்ளது.

உறவுமுறை மரம் என்பது மற்றொரு முக்கியமான ஓவிய வகை. யார் யாரை மணக்கக் கூடாது என்பதைக் கட்டங்களாகவும் வட்டங்களாகவும் இது காட்டும். 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம் விலக்கப்பட்ட உறவின் எல்லையை ஏழு படிகளிலிருந்து நான்கு படிகளாகக் குறைத்தது. அதற்கேற்ப இவ்வரைபடமும் மாறியது. சொத்துரிமையும் திருமணத்தின் செல்லுபடியும் இக்கணக்கைச் சார்ந்திருந்ததால், ஓவியர் செய்யும் பிழை சட்டப் பிழையாகவே அமையக்கூடும்.

பொருட்களும் செய்முறையும்

ஆடு முதலிய விலங்குகளின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டி உலர்த்தி வரைதோல் செய்யப்பட்டது. ஓவியர் முதலில் ஈயக் கோலாலோ மெல்லிய மையாலோ கோட்டுருவம் வரைந்தார்.

வண்ணம் தீட்டுவதற்கு முன்பே பொன் ஒட்டப்பட்டது. மெருகேற்றும்போது அருகில் உள்ள வண்ணம் கெடாதிருக்கவும், பொன் ரேக்கு வண்ணத்தின் மீது ஒட்டிக்கொள்ளாதிருக்கவும் இந்த வரிசை பின்பற்றப்பட்டது. பொன் வரவேண்டிய இடத்தில் ஜிப்சமும் பசையும் சேர்ந்த குழம்பு சற்று மேடாகப் பூசப்படும். அது உலர்ந்தபின் வாயால் ஊதி ஈரமாக்கி, அதன்மேல் பொன் ரேக்கை வைத்து அழுத்துவர். பின்னர் வழவழப்பான கல்லாலோ விலங்கின் பல்லாலோ தேய்த்து மெருகேற்றுவர்.

வண்ணப் பொடிகள் முட்டையின் வெண்கருவிலோ பிசினிலோ குழைக்கப்பட்டன. சிவப்புக்குச் செந்தூரமும் சாதிலிங்கமும், பச்சைக்குச் செப்புக் களிம்பும், வெள்ளைக்கு ஈய வெள்ளையும் பயன்பட்டன. மலிவான நீலம் ஒருவகைச் செப்புத் தாதுவிலிருந்து கிடைத்தது. உயர்ந்த நீலம் இன்றைய ஆப்கானித்தானின் பதக்சான் பகுதியில் வெட்டியெடுக்கப்பட்ட லாபிசு லாசுலி என்னும் கல்லிலிருந்து எடுக்கப்பட்டது. அக்கல்லை வெறுமனே அரைத்தால் சாம்பல் நிறமே மிஞ்சும். ஆகவே அரைத்த பொடியை மெழுகும் குங்கிலியமும் சேர்த்து மாவாகப் பிசைந்து, காரநீரில் பலமுறை கசக்கி நீலத்தை மட்டும் பிரித்தெடுத்தனர். முதலில் இறங்கும் நீலமே விலை மிக்கது.

இளஞ்சிவப்பு நிறத்திற்குப் பதங்கம் என்னும் சாயமரம் பயன்பட்டது. ஆசியாவிலிருந்து சென்ற இம்மரத்தின் ஒரு வகையை இத்தாலிய வணிகர்கள் கொலொம்பினோ என்று அழைத்தனர். மலபார்க் கரையில் உள்ள கொல்லம் துறைமுகத்தின் பெயரே இச்சொல்லில் அடங்கியுள்ளது. வண்ணங்கள் செய்யும் முறைகளைத் தொகுத்துக் கூறும் 15ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்று பொலோஞா பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. நீலம் பிரிக்கும் முறைகள் பலவும், சாயமரத்தைப் பயன்படுத்தும் முறைகளும் அதில் தரப்பட்டுள்ளன. இங்கிலாந்தைச் சேர்ந்த மேரி மெரிஃபீல்டு இதனை மொழிபெயர்த்து 1849இல் வெளியிட்டார்.

பாணிகள்

கலை வரலாற்றாளர்கள் 13ஆம் நூற்றாண்டு பொலோஞா ஓவியங்களை முதற் பாணி, இரண்டாம் பாணி என இரண்டாகப் பிரிப்பர். முதற் பாணியில் நீலம், இளஞ்சிவப்பு முதலிய சில வண்ணங்களே மிகுதியாகக் காணப்படும். முதலெழுத்துகளுக்குள் சிறு உருவங்களும், அவற்றிலிருந்து ஓரத்தில் நீண்டு செல்லும் இலைக்கொடிகளும் இதன் அடையாளங்கள். 1280களில் சிறந்து விளங்கிய இரண்டாம் பாணியில் பைசாந்தியக் கலையின் தாக்கம் தெளிவாகத் தெரிகிறது. உருவங்களின் உடை மடிப்புகளும் உடல் திரட்சியும் ஒளி நிழலால் காட்டப்பட்டன. இப்பாணியின் தலைசிறந்த எடுத்துக்காட்டாக, எசுப்பானியாவின் ஜிரோனா பேராலயத்தில் உள்ள விவிலியம் போற்றப்படுகிறது. பிரான்சு மன்னர் ஐந்தாம் சார்லசு இதனை ஒருகாலத்தில் வைத்திருந்தார்.

14ஆம் நூற்றாண்டில் ஜொத்தோவின் தாக்கம் பரவியது. உருவங்கள் கட்டடங்களுக்குள்ளும் அறைகளுக்குள்ளும் நின்று, முகபாவத்தாலும் கைச்சாடையாலும் கதை சொல்லத் தொடங்கின. 1330களிலும் 1340களிலும் பணியாற்றிய ஓவியர் ஒருவர் இதில் முதன்மையானவர். இவர் இயற்பெயரால் அன்றி இல்லுசுத்திராத்தோரே, அதாவது விளக்கப்படம் வரைபவர் என்ற இடுபெயராலேயே அறியப்படுகிறார்.

ஓவியர்கள்

இக்கலைஞர்களைப் பற்றிய செய்திகளில் பெரும்பகுதி மெமோரியாலி எனப்படும் நகரப் பதிவேடுகளிலிருந்து கிடைக்கிறது. 1265இல் ஏற்படுத்தப்பட்ட விதியின்படி, 20 லிராவுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் யாவும் இவற்றில் பதியப்பட வேண்டும். நூல்களின் விலை பெரும்பாலும் இத்தொகையைத் தாண்டியதால், நூல் ஒப்பந்தங்களும் பதிவாயின. பின்னர் எவரும் எதையும் சேர்த்து எழுதாதிருக்க, வெற்றிடங்களில் பதிவு எழுத்தர்கள் சில வேளைகளில் பாடல்களை எழுதி நிரப்பினர். தாந்தேயின் பாடல் ஒன்று 1287ஆம் ஆண்டுப் பதிவேட்டில் இவ்வாறு இடம்பெற்றுள்ளது. பெண்களும் இத்தொழிலில் ஈடுபட்டிருந்தனர். 1271ஆம் ஆண்டு ஆவணத்தில் தொனெல்லா என்ற பெண் ஓவியரின் பெயர் காணப்படுகிறது.

ஓதரிசி தா குப்பியோ, பிராங்கோ பொலோஞேசே ஆகிய இருவரும் தாந்தேயின் தெய்வீக நாடகத்தால் புகழ் பெற்றவர்கள். ஓதரிசி 1268இலும் 1271இலும் பொலோஞாவில் இருந்தமைக்கு ஆவணச் சான்று உண்டு. அக்காவியத்தின் இரண்டாம் பகுதியில், செருக்குக் கொண்டோர் பாரம் சுமந்து கழுவாய் தேடும் இடத்தில் தாந்தே இவரைச் சந்திக்கிறார். வாழ்ந்த நாளில் பிறரை விஞ்ச விரும்பிய ஓதரிசி, இப்போது பெருமை முழுவதும் பிராங்கோவுக்கே உரியது என்று ஒப்புக்கொள்கிறார். புகழ் நிலையற்றது என்பதற்கு எடுத்துக்காட்டாக, சிமாபுவேயின் புகழை ஜொத்தோ மறைத்ததும் அங்கு கூறப்படுகிறது. இவ்விருவரில் எவருக்கும் உரியது என்று ஐயமின்றிக் கூறத்தக்க ஓவியம் ஒன்றுகூட இன்று இல்லை. கையால் வரைந்தவை மறைந்து, மற்றொருவர் எழுதிய காவியத்தில் பெயர் மட்டும் நிலைத்திருப்பது குறிப்பிடத்தக்கது.

தம் பெயரைத் தாமே எழுதி வைத்த ஓவியர்களும் உண்டு. யாக்கோபினோ தா ரெஜ்ஜோ வத்திக்கான் நூலகத்தில் உள்ள தெக்ரேத்தும் சுவடி ஒன்றில் பெயர் பொறித்துள்ளார். 14ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் புகழ் பெற்ற நிக்கொலோ தி யாக்கொமோ மிகுதியான ஓவியங்களில் கையொப்பமிட்டார். மிலான் நகரின் அம்புரோசிய நூலகத்தில் உள்ள 1354ஆம் ஆண்டுச் சட்ட உரைச் சுவடியில், நற்பண்புகளையும் கலைகளையும் பெண் உருவங்களாக வரைந்துள்ளார். அவ்வுரையை இயற்றிய ஜொவான்னி தந்திரேயா 1348ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் இறந்த பொலோஞா ஆசிரியர் ஆவார். நிக்கொலோ நகர ஆட்சியிலும் பொறுப்புகள் வகித்தார். ஓவியத் தொழில் செய்தவர் மதிப்புமிக்க குடிமகனாக உயர முடிந்தது என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாகும்.

ஆடம்பரம் பற்றிய கண்டனம்

அணிசெய்த நூல்களை எல்லோரும் வரவேற்கவில்லை. 1265இல் இறந்த பொலோஞா சட்ட ஆசிரியர் ஒதொபிரேதோ தம் விரிவுரையில் ஒரு கதை கூறினார். தந்தை ஒருவர் மகனிடம், பாரிசுக்கோ பொலோஞாவுக்கோ படிக்கச் செல், ஆண்டுதோறும் நூறு லிரா அனுப்புகிறேன் என்றார். மகன் பாரிசுக்குச் சென்று, தன் நூல்களைப் பொன்னெழுத்துகளாலும் குரங்கு உருவங்களாலும் நிரப்பிப் பணத்தைப் பாழாக்கினான். ஒதொபிரேதோ பாரிசைக் குறை கூறினாலும், அவர் காலத்திற்குப் பின் பொலோஞாவின் ஓரங்களிலும் விலங்குகளும் விந்தை உருவங்களும் பெருகின. படிப்பதற்கு வாங்கும் நூலில் எது தேவை, எது ஆடம்பரம் என்ற கேள்வி இக்கலையுடனேயே வளர்ந்தது எனலாம்.

நகரமும் திருச்சபையும்

பொலோஞாவின் தொழிற்குழுக்கள் தம் விதிகளையும் உறுப்பினர் பட்டியல்களையும் அழகிய சுவடிகளாக வைத்திருந்தன. 1411ஆம் ஆண்டுத் துணி வணிகர் குழுவின் பட்டியலில், ரவேஞானா வாயிலருகே நடந்த சந்தையின் காட்சி வரையப்பட்டுள்ளது. துணி அளப்போர், உடையைப் போட்டுப் பார்ப்போர், பேரம் பேசுவோர் ஆகியோரை அதில் காணலாம். பிரான்சிசுக்கு சபை, தொமினிக்கு சபை முதலியவற்றின் ஆலயங்களுக்கெனப் பெரிய பாடற்சுவடிகளும் உருவாக்கப்பட்டன. பாடகர் பலர் ஒரே நூலைச் சுற்றி நின்று பாட வேண்டியிருந்ததால், இவற்றின் எழுத்துகளும் ஓவியங்களும் பெரியனவாக இருந்தன.

வீழ்ச்சி

15ஆம் நூற்றாண்டில் ஃபெராரா முதலிய நகரங்களின் அரசவைகள் சிறந்த ஓவியர்களை ஈர்த்தன. பொலோஞாவின் முதல் அச்சு நூலை 1471இல் பல்தசாரே அத்சொகுயிதி வெளியிட்டார். அது உரோமானியக் கவிஞர் ஒவிதின் படைப்புகளின் தொகுப்பு ஆகும். அச்சு வந்த உடனே ஓவியர் வேலை இழக்கவில்லை. அச்சு நூல்களிலும் முதலெழுத்துக்கு இடம் விடப்பட்டு, அது கையால் நிரப்பப்பட்டது. ஃபெராரா அரசவைக்காகப் புகழ்பெற்ற விவிலியம் ஒன்றை அணிசெய்த தத்தேயோ கிரிவெல்லி, பின்னர் பொலோஞாவுக்கு வந்து, 1477இல் அச்சான தாலமியின் புவியியல் நூலுக்கு நிலப்படங்கள் செதுக்கினார். எனினும் சட்ட நூல்கள் அச்சில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், மாணவர்களை நம்பியிருந்த தொழில் படிப்படியாக மறைந்தது.

இன்றைய நிலை

நெப்போலியன் காலத்தில் துறவு மடங்கள் கலைக்கப்பட்டபோது, அவற்றின் சுவடிகள் பல இடம் மாறின. 19ஆம் நூற்றாண்டில் ஓவியச் சேகரிப்பாளர்களுக்காகப் பல சுவடிகளிலிருந்து படங்கள் வெட்டியெடுக்கப்பட்டன. நிக்கொலோவின் தனித்தாள்கள் வாசிங்டன் தேசிய ஓவியக்கூடம் உள்ளிட்ட பல அருங்காட்சியகங்களில் சிதறியுள்ளன. இவ்வாறு வெட்டப்பட்ட ஓவியம் காப்பாற்றப்பட்டாலும், அது எந்தச் சட்டத்தை விளக்கியது, எந்தப் பாடலோடு இருந்தது என்பதை அறிவது கடினமாகிறது. சிதறிய தாள்களை ஒப்பிட்டு அவற்றின் மூலச் சுவடியைக் கண்டறிவது ஆய்வாளர்களின் முக்கியப் பணிகளுள் ஒன்றாக உள்ளது.

பொலோஞாவின் நகர இடைக்கால அருங்காட்சியகத்தில் பாடற்சுவடிகளும் தொழிற்குழுச் சுவடிகளும் உள்ளன. மெமோரியாலி பதிவேடுகள் அந்நகரின் அரசு ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. கர்தினால் அல்போர்நோசு 1364இல் எழுதிய விருப்ப ஆவணத்தின்படி நிறுவப்பட்ட எசுப்பானியக் கல்லூரியின் நூலகத்திலும் இடைக்காலச் சட்டச் சுவடிகள் உள்ளன.